காற்றில் பங்கு கேட்ட கிராமங்கள்

ஒரு கிராமத்தின் எல்லையில் காற்றாலைகள் வரப்போவதாகச் செய்தி பரவுகிறது. ஊர்க் கூட்டம் கூடுகிறது. நிறுவனத்தார் எழுந்து, சாலை போட்டுத் தருவோம், பள்ளிக்கு ஒரு கட்டடம் எழுப்புவோம், காவல் வேலை நாலைந்து பேருக்குக் கிடைக்கும் என்கிறார்கள். நிலத்துக்காரர் விலை என்ன என்று கேட்கிறார். பக்கத்து வயல்காரர் இரைச்சல் இருக்குமாமே என்று இழுக்கிறார். உலகின் எந்த மூலையிலும் இத்தகைய கூட்டம் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும். ஆனால் ஐரோப்பாவின் வடக்கே உள்ள ஒரு சிறிய நாட்டில், இருபது ஆண்டுக் காலம், இக்கூட்டங்களில் வேறொரு கேள்வியும் எழுந்தது: இந்த ஆலையில் எங்களுக்கு எத்தனை பங்கு?

அந்த நாடு டென்மார்க். காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலையில் அது உலகுக்கே வழிகாட்டி என்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அதற்குக் காரணம் அங்கு வீசும் கடற்காற்று மட்டுமன்று. அந்தக் கேள்வியும் ஒரு காரணம். அதன் வரலாறு ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது.

டென்மார்க்கின் பெருநிலப் பகுதியான ஜட்லாந்தில் அஸ்கோவ் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே உழவர் வீட்டு இளைஞர்களுக்கென ஒரு மக்கள் உயர்நிலைப்பள்ளி இருந்தது. தேர்வு, பட்டம் என்ற பேச்சே இல்லாமல், குளிர்காலத்தில் வந்து தங்கி வரலாறும் அறிவியலும் கற்றுச் செல்லும் பள்ளி. 1878இல் அங்கு ஆசிரியராக வந்து சேர்ந்தவர் பௌல் லா கூர். இவர் வானிலை ஆய்வாளர். தந்திக் கருவிகளில் புதுமைகள் செய்தவர். தலைநகரில் நல்ல பதவியில் இருந்தவர். அதை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தார்.

அக்காலத்தில் மின்சாரம் என்பது நகரத்துப் பொருள். நிலக்கரி வந்து இறங்கும் ஊர்களில்தான் மின் நிலையம் அமையும். விளக்கும் மின்னோடியும் நகரத்துக்கு மட்டுமே வாய்த்தால் கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேயே போய்விடுவார்களே என்பது லா கூரின் கவலை. கிராமத்தில் நிலக்கரி இல்லை, அருவியும் இல்லை. காற்று மட்டும் குறைவின்றி இருந்தது. அரசின் உதவி பெற்று, 1891இல் பள்ளி வளாகத்திலேயே ஓர் ஆய்வுக் காற்றாலையை அவர் எழுப்பினார். மாவரைக்கும் ஆலையைப் போன்ற தோற்றம். ஆனால் அது சுழற்றியது மாவுக் கல்லை அன்று, மின்னாக்கியை.

காற்று நினைத்தபோது வீசும், நினைத்தபோது ஓயும். ஆகவே மின்சாரத்தை எப்படியாவது சேமித்தாக வேண்டும். லா கூர் செய்த ஏற்பாடு இன்றைக்கும் புதுமையாகத் தோன்றும். மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தி அதை ஹைடிரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார். ஹைடிரஜனைத் தொட்டியில் சேர்த்து வைத்து, 1895 முதல் ஏழு ஆண்டுகள் பள்ளியின் விளக்குகளை அதனாலேயே எரித்தார். சேமித்த ஹைடிரஜனில் சில சமயம் சிறிது ஆக்சிஜன் கலந்துவிடும். அப்போது வெடித்து, பள்ளிக் கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கும். இப்படிப் பலமுறை கண்ணாடி மாற்ற வேண்டி வந்ததாம். அந்த மாணவர்களுக்கு வேதியியல் பாடம் மறந்திருக்க வழியில்லை.

காற்றைக் குழாய்க்குள் செலுத்திச் சிறு இறக்கைகளைச் சோதித்த முன்னோடிகளுள் ஒருவரும் அவரே. பல இறக்கைகளை மெதுவாகச் சுழற்றுவதைவிட, சில இறக்கைகளை வேகமாகச் சுழற்றுவதே மின்னாக்கத்துக்கு ஏற்றது என்று கண்டார். ஆயினும் நம் கதைக்கு முக்கியமானது இவ்வாய்வுகளைவிட அவர் நடத்திய வகுப்புகளே. 1904 முதல், கிராமத்து இளைஞர்களுக்குக் காற்றாலை மின்பணியில் பயிற்சி அளித்தார். ஆலையைப் பழுது பார்க்கவும், கம்பி இழுக்கவும், மின்கல அடுக்கைப் பேணவும் ஊருக்குள்ளேயே ஆள் வேண்டும் என்பது அவர் கருத்து. லா கூர் 1908இல் மறைந்தார். ஆனால் முதல் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கிராமங்கள் தடுமாறவில்லை. 1918இல் ஏறக்குறைய 120 ஊரக மின் நிலையங்கள், 20 முதல் 35 கிலோவாட் வரையிலான காற்றாலைகளை வைத்திருந்தன. நாட்டின் மின் தேவையில் சுமார் 3 விழுக்காட்டை அவை நிறைவு செய்தன.

1904ஆம் ஆண்டு வகுப்பில் யோஹன்னஸ் யூல் என்ற பதினேழு வயது இளைஞரும் இருந்தார். பிற்காலத்தில் மின் நிறுவனமொன்றில் பொறியாளராக இருந்த அவர், 1957இல் கெட்சர் என்னும் கடலோர ஊரில் 200 கிலோவாட் ஆலை ஒன்றைக் கட்டினார். மூன்று இறக்கைகள், காற்று மிஞ்சினால் தாமே திரும்பித் தடைபோடும் இறக்கை நுனிகள், மாறுதிசை மின்னோட்டத்தை நேரே ஊர்க் கம்பியில் சேர்க்கும் மின்னாக்கி. அந்த ஆலை பெரிய பழுதின்றிப் பத்தாண்டு ஓடியது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலமாதலால் 1967இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தி ஆறே ஆண்டில் எண்ணெய் விலை தலைக்கேறியது. 1973 நெருக்கடியின்போது டென்மார்க் தன் எரிபொருள் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. அரசும் மின் நிறுவனங்களும் அணு உலை பற்றிப் பேசின. கிராமத்தார் பலர் அதை விரும்பவில்லை. வேறு வழி உண்டா என்று பழைய ஏடுகளைப் புரட்டினர். கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர் யூலின் வடிவத்தைப் பின்பற்றி 22 கிலோவாட் ஆலையொன்றைத் தானே செய்து, தன் வீட்டு மின் இணைப்போடு சேர்த்தார். அவரைப் பார்த்துப் பல பட்டறைக்காரர்களும் உழவு இயந்திரம் செய்வோரும் இதில் இறங்கினர். 1979 முதல் ஆலையின் விலையில் 30 விழுக்காட்டை அரசு மானியமாகக் கொடுத்தது. ஆனால் ரீசோ ஆய்வு நிலையத்தில் சோதித்துத் தகுதி பெற்ற ஆலைக்கே மானியம். சூறைக்காற்றில் பிய்ந்து போகும் ஆலைகளுக்குப் பொதுப் பணம் போகாமல் இந்த ஒரு நிபந்தனை காத்தது.

மானியம் இருந்தாலும் ஒரு தனி வீட்டுக்கு ஓர் ஆலை வாங்கப் பணம் ஏது? இங்கேதான் டென்மார்க் உழவரின் பழைய பழக்கம் கைகொடுத்தது. 1882 முதலே அவர்கள் கூட்டுறவுப் பால் பண்ணை நடத்தியவர்கள். நூறு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் அதில் ஒரே வாக்கு. மாட்டுத் தலையை எண்ணுவதில்லை, மனிதத் தலையையே எண்ணுவோம் என்பது அவர்களின் கொள்கை. அந்த வழக்கத்தைக் காற்றுக்கும் கொண்டுவந்தார்கள். ஊரார் பலர் சேர்ந்து ஓர் ஆலை வாங்குவர். அது ஆண்டில் எத்தனை யூனிட் மின்சாரம் தரும் என்று கணக்கிடுவர். ஆயிரம் யூனிட்டுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பர். ஆண்டுக்கு 4,000 யூனிட் செலவாகும் வீட்டார் நான்கைந்து பங்கு வாங்கினால், தம் வீட்டு விளக்கை எரிக்கும் அளவு காற்றுக்கு உரிமையாளர் ஆவர். மின்சாரம் பொதுக் கம்பியில் சேரும். விற்ற பணம் பங்குப்படி வரும். 1992ஆம் ஆண்டுச் சட்டம், வீடுகளுக்கு விற்கும் விலையில் 85 விழுக்காட்டை மின் நிறுவனம் ஆலைக்காரருக்குத் தர வேண்டும் என்று வரையறுத்தது.

இவ்வேற்பாட்டில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பங்குதாரர் ஆலைக்குச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் குடியிருக்க வேண்டும். தம் வீட்டுத் தேவையைச் சற்றே விஞ்சும் அளவுக்கு மேல் பங்கு வாங்கக் கூடாது. பணக்காரர் ஒருவரே எல்லாப் பங்கையும் சுருட்டிக்கொள்ள இவை இடம் தரவில்லை. மூன்றாவது கட்டுப்பாட்டை உறுப்பினர்களே விதித்துக்கொண்டனர். சட்டப்படி இச்சங்கங்கள் கூட்டு வணிகம் போன்றவை. சங்கத்தின் கடன் ஒவ்வொருவர் தலையிலும் விழும். ஆகவே சங்கம் கடனே வாங்கக் கூடாது என்று விதிகளில் எழுதி வைத்தார்கள். பங்குப் பணத்துக்கு வேண்டுமானால் அவரவர் தம் பெயரில் வங்கியில் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

தன் வீட்டுப் பன்றி நாறாது என்று அந்நாட்டில் ஒரு சொல்வழக்கு உண்டு. இறக்கைச் சத்தம் கேட்கும் தொலைவில் இருந்தவர்களே அந்தச் சத்தத்துக்குப் பணம் பெற்றவர்களும். ஆகவே எதிர்ப்பு குறைவாக இருந்தது. சத்தம் குறைந்துவிடவில்லை, கேட்பவரின் காது மாறியது என்றே சொல்ல வேண்டும்.

இம்முறையின் கனிந்த உருவத்தைச் சாம்சோ தீவில் காணலாம். ஏறக்குறைய 4,000 மக்கள் வாழும் உழவர் தீவு அது. உருளைக்கிழங்குக்குப் பெயர் பெற்றது. 1997இல் அரசு நடத்திய ஒரு போட்டியில், முழுவதும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்கும் தீவாக மாறிக் காட்டும் பொறுப்பு அதற்குக் கிடைத்தது. பணத்தை அரசு மொத்தமாகக் கொடுத்துவிடவில்லை. தீவிலேயே பிறந்து வளர்ந்த சோரென் ஹெர்மன்சன் என்ற ஆசிரியர் கூட்டம் கூட்டமாகப் பேசினார். முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவராக வந்தனர். 2000ஆம் ஆண்டுக்குள் நிலத்தில் ஒரு மெகாவாட் ஆலைகள் பதினொன்று நின்றன. அவற்றுள் ஒன்பது உழவர்களுடையவை. இரண்டு நூற்றுக்கணக்கான சிறு பங்குதாரர்களுடையவை. 2003இல் கடலுக்குள் பத்துப் பெரிய ஆலைகள் எழுந்தன. அவற்றுள் ஐந்தை ஊராட்சியே வாங்கியது. அந்த வருமானத்தைப் பிற ஆற்றல் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்பது விதி. பத்தாண்டுக்குள் தீவு தான் செலவழித்ததைவிட அதிக மின்சாரத்தை ஆண்டுதோறும் ஆக்கியது.

ஆனால் சாம்சோ வளர்ந்த அதே காலத்தில் நாட்டின் பிற பகுதிகளில் காற்று திசை மாறிவிட்டது. அருகில் குடியிருப்போரே பங்கு வாங்கலாம் என்ற விதி படிப்படியாகத் தளர்ந்து நீங்கியது. நிலையான விலையும் போயிற்று. ஆலைகள் பெருத்தன, 22 கிலோவாட் ஆலையைத் தச்சரும் அண்டை வீட்டாரும் வாங்கலாம், 3,000 கிலோவாட் ஆலையை வாங்க வங்கியும் வழக்கறிஞரும் வேண்டும். வெளியூர் முதலீட்டாளர் வந்தனர். கிராமங்களில் எதிர்ப்புச் சங்கங்கள் தோன்றின. இதைக் கண்ட நாடாளுமன்றம் 2008இல் ஒரு சட்டம் இயற்றியது: புதிய ஆலையில் ஐந்தில் ஒரு பங்கை முதலில் 4.5 கிலோமீட்டருக்குள் வாழ்வோருக்கு விற்க முன்வர வேண்டும். வீட்டின் மதிப்புக் குறைந்தால் ஈடு தர வேண்டும். 2020இல் அந்தப் பங்கு விதியும் கைவிடப்பட்டது. ஆலையின் உயரத்தைப் போல் எட்டு மடங்கு தொலைவுக்குள் குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தந்தால் போதும் என்று ஆயிற்று. பங்காளியாக இருந்தவர் படி வாங்குபவராக மாறினார். பணம் வருகிறது, உண்மைதான். எனினும் இரண்டும் ஒன்றல்ல என்று நான் எண்ணுகிறேன்.

டென்மார்க்கின் ஆலைகள் நம் நாட்டுக்கும் வந்தன. தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்தது. அதன்பின் அந்நாட்டு அரசின் டானிடா உதவித் திட்டத்தில் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் மாதிரிப் பண்ணைகள் எழுந்தன. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களின் காற்று எவ்வளவு வலியது என்பதை உலகம் அப்போது அறிந்தது. இறக்கை வந்தது, மின்னாக்கி வந்தது. பங்கு முறை மட்டும் கப்பலேறவில்லை. 1990களில் ஆலையின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழிக்கலாம் என்ற சலுகை இருந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உடையவருக்கே அது பயன்படும். எனவே நூற்பாலைகளும் பிற தொழில் நிறுவனங்களும் காற்றாலை வாங்கின. நூற்பாலைத் தொழிலாளர் குடும்பங்கள் பல அதனால் பிழைத்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆலை நிற்கும் ஊருக்குக் கிடைத்தது பெரும்பாலும் நிலத்தின் விலையும் சில காவல் வேலைகளும்தான்.

விதிவிலக்காக ஓர் ஊராட்சி உண்டு. கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை. தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்பதற்கும் ஆகும் மின் கட்டணம் ஊராட்சியின் வருவாயைத் தின்றுவந்தது. அப்போது தலைவராக இருந்த ஆர். சண்முகம் ஒரு கணக்குப் போட்டார். ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாயில், 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரிலேயே வாங்கினார்கள். ஓடந்துறையில் போதிய காற்று இல்லை. ஆகவே ஆலை உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில் நிற்கிறது. ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் கடன் தவணையைக் கட்டினார்கள். தங்கள் ஆலை சுழல்வதைப் பார்க்க வேண்டுமானால் ஓடந்துறைக்காரர்கள் பேருந்து ஏறித்தான் போக வேண்டும்.