ஒரு ராத்திரி வாடகையும் 999 வருஷக் குத்தகையும்

பழைய வீட்டைப் புதுப்பிச்சு, தங்குறதுக்கு வாடகைக்கு விடுற இடங்களுக்கு இப்போ நல்ல மவுசு. இன்னைக்கு அப்படி ஒரு வீட்டோட கதை. எங்க கம்பத்துலேர்ந்து மலை ஏறினா குமுளி, அதை ஒட்டியே தேக்கடி. அங்க ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற ஒரு மேட்டுல, இடப்பாளையத்துல, லேக் பேலஸ் இருக்கு. ஒரு காலத்துல அது திருவிதாங்கூர் அரசரோட கோடை மாளிகை. இப்போ கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட ஹோட்டல். ரூம்கள் விரல் விட்டு எண்ணிடலாம். விருந்தாளிங்களை போட்ல கூட்டிட்டுப் போறாங்க. கிட்டத்தட்ட தீவு வாசம்.

வராண்டாவுல உட்கார்ந்து பார்த்தா, அந்த ஏரி காலங்காலமா அங்கேயே இருக்குன்னு தோணும். ஆனா அதுக்கு வயசு 130 சொச்சம்தான். தண்ணிக்கு மேல கறுப்பா நிக்கிற மொட்டை மரங்களைப் பார்த்திருப்பீங்க. ஏரி வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்த காட்டோட மிச்சம் அது.

அந்தக் காடு ஏன் மூழ்கிச்சு? 1876-78 பஞ்சத்துல சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. மேற்கே ஓடி கடல்ல கலக்குற பெரியாறைக் கிழக்கே திருப்பி வைகைக்குக் கொண்டுவரணும்ங்கிற யோசனை ரொம்பப் பழசு. பஞ்சத்துக்கு அப்புறம் அது வேகம் எடுத்தது. ஆனா அணை கட்ட வேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள்ள இருந்தது. அதனால 1886 அக்டோபர் 29-ல ஒரு குத்தகை எழுதினாங்க. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம்.

அதுக்கப்புறம் கர்னல் பென்னிகுவிக் தலைமையில வேலை நடந்தது. வெள்ளம் வந்து தற்காலிகத் தடுப்புகளைத் திரும்பத் திரும்ப அடிச்சுட்டுப் போச்சு. காய்ச்சல்லயும் காலராவுலயும் கூலித் தொழிலாளர்கள் நிறையப் பேர் இறந்தாங்க. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டின அணையை 1895 அக்டோபர்ல கவர்னர் வென்லாக் திறந்து வெச்சார். பள்ளத்தாக்கு நிரம்பிச்சு, மேடுகள் தீவாச்சு. 1934-ல சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துல, ஏரியைச் சுத்தியிருந்த காடு சரணாலயம் ஆச்சு. அதாவது, அரசரோட மாளிகை எதைப் பார்த்து நிக்குதோ, அந்தத் தண்ணி அவரோட சமஸ்தானமே குத்தகைக்கு விட்ட நிலத்துல தேங்கினது.

அந்தத் தண்ணி எங்க போகுது? தேக்கடி மதகு வழியா மலையைக் குடைஞ்ச சுரங்கத்துல நுழைஞ்சு, ராட்சதக் குழாய்கள்ல இறங்கி, லோயர் கேம்ப்ல கரண்ட் எடுத்துக் கொடுத்துட்டு, கம்பம் பள்ளத்தாக்குக்கு வருது. இங்க 14,707 ஏக்கர்ல இருபோக நெல்லு அதை நம்பித்தான். வழக்கமா ஜூன் 1-ம் தேதி தண்ணி திறப்பாங்க. மே கடைசியில எங்க ஊர் டீக்கடையில முதல் பேச்சே, ‘அணையில எத்தனை அடி?’ங்கிறதுதான்.

நீர்மட்டம் இறங்கினா மேல இருக்கிறவங்களுக்குச் சேறு தெரியும், போட் சவாரி சுருங்கும். கீழ இருக்கிறவங்களுக்கு நாத்து விடுறது தள்ளிப்போகும். நீர்மட்டம் ஏறினா, அணைக்குக் கீழே பெரியாத்தங்கரையில இருக்கிற கேரள மக்கள் பயப்படுறாங்க. 1970-ல குத்தகைப் பணத்தை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கினாங்க. 2014-ல உச்ச நீதிமன்றம் 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு தீர்ப்புச் சொல்லிச்சு. சண்டை இன்னும் ஓயல.

ஹெரிட்டேஜ்னு சொல்லி நமக்கு வாடகைக்குக் கொடுக்கிறது பெரும்பாலும் கூரை, தூண், வராண்டா. இந்த வீட்டைப் பொறுத்தவரை என் கணக்குல, பெரிய பாரம்பரியம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற தண்ணிதான். அதுல ராஜாவுக்கும் பென்னிகுவிக்குக்கும் பங்கு உண்டு. பேர் தெரியாமச் செத்த கூலியாளுக்கும், இன்னைக்கு மடை திறக்கக் காத்திருக்கிற விவசாயிக்கும் அதே அளவுக்குப் பங்கு உண்டு.

அங்க ரூம் போட்டீங்கன்னா, திரும்பி வரும்போது லோயர் கேம்ப்ல கொஞ்சம் வண்டியை நிறுத்துங்க. ராத்திரி நீங்க அசையாமப் பார்த்த ஏரி, அங்க வயலைத் தேடி ஓடிக்கிட்டிருக்கும்.