காக்கையும் துப்பாக்கியும்: தோட்ட வரலாற்றில் ஒரு பறவை

பெடாஸ் போன்ற நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில், காக்கைக்குச் சோறிட்டு முன்னோரை நினைவுகூரும் மரபைத் தமிழர் பேணி வந்துள்ளனர். அதே காக்கையைச் சுட்டு ஒழிப்பதை இந்நாட்டு ஊராட்சி மன்றங்கள் சில தம் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளன. இம்முரணின் வேர் தோட்டப் பொருளாதாரத்தில் உள்ளது.

இலங்கையில் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பிப் பயிரை அழித்தது. தோட்ட முதலாளிகள் பலர் மலாயாவை நாடினர்; சிலாங்கூரிலும் சுங்கை ஊஜோங்கிலும் காப்பி பயிரிடப்பட்டது. இலை தின்னும் புழுக்களை ஒழிப்பதற்கென 1890களில் இலங்கையிலிருந்து வீட்டுக்காக்கைகள் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டன. தமிழ்த் தொழிலாளரைக் கப்பலேற்றிய அதே பொருளாதாரமே இப்பறவையையும் கடல் கடக்கச் செய்தது. பின்னர் விலை வீழ்ச்சியால் காப்பி மறைந்து இரப்பர் பரவியது. காக்கையோ தங்கிப் பெருகியது.

முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வின்செஸ்டர் துப்பாக்கியின் புகழ்பெற்ற வடிவம் வெளிவந்ததும் அப்பத்தாண்டில்தான், 1897இல். சன்னங்களைச் சிதறவிடும் இவ்வகைத் துப்பாக்கி பறவை வேட்டைக்கு ஏற்றது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. கிள்ளான் முதலிய நகரங்களில் ஊராட்சி மன்றத்தின் ஏற்பாட்டில் உரிமம் பெற்றோர் காக்கைகளைச் சுட்டு வந்துள்ளனர். ஆயினும் குப்பையில் உணவு கிடைக்கும்வரை, சுடப்பட்டவற்றின் இடத்தை வேறு காக்கைகள் நிரப்பிவிடும்.

காக்கைப்பாடினியார் நச்செள்ளையார் என்னும் சங்கப் புலவருக்குப் பெயர் தந்த பறவை, இங்குத் தீங்குயிராக எண்ணப்படுவதற்கு அதன் இயல்பு மட்டும் காரணமன்று. பயன் கருதிக் கொணர்ந்து, பயன் முடிந்தபின் பொறுப்பைக் கைவிட்ட தோட்ட முறையும் காரணமாகும். தோட்ட வரலாற்றை எழுதுவோர் இதனையும் கருதுதல் வேண்டும்.