குடத்தில் இட்ட ஓலை

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், செய்யாற்றை அடுத்து அமைந்தது பெருநகர். இங்குள்ள பிரம்மபுரீசுவரர் திருக்கோயிலை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். தைப்பூசத்தன்று சுற்றுப்புற ஊர்த் தெய்வங்கள் செய்யாற்று மணலில் எழுந்தருளுவதைக் காண மக்கள் திரளாகக் கூடுவர். ஆயினும், பக்கத்து ஊராகிய உத்திரமேரூருக்குப் பல முறை போய்வந்தும், அவ்வூர் நடுவே நிற்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரை நின்று நோக்கியவர் சிலரே. அச்சுவரைக் காணவே இன்று உங்களை அழைக்கின்றேன்.

பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், மறையவர்க்கு அளிக்கப்பெற்ற சதுர்வேதிமங்கலம் உத்திரமேரூர். கோபுரத்தின் உயரத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாந்து போவார். கோயில் சிறியதே. காலைப் பொழுதில், வெயில் சாய்வாக விழும்போது செல்லுங்கள். கல்லெழுத்து நன்கு புலப்படும். மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. வடசொற்கள் கிரந்த எழுத்தில் இருக்கும். பொறுமையுடன் பார்த்தால் ஓரிரு சொற்களேனும் பிடிபடும். அந்த மகிழ்ச்சியைப் பாடநூல் தாராது.

இக்கல்வெட்டுகளுள் இரண்டு, மதுரை கொண்ட முதற் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-இல் எழுந்தது, மற்றொன்று 921-இல் எழுந்தது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அஃதாவது செயற்குழுக்களுக்கு, உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இரண்டும் வகுக்கின்றன. முதல் விதி போதாதென்று கண்டு, இரண்டே ஆண்டில் அதைத் திருத்தி விரிவாக எழுதினர். முன்னது 30 வயதுக்கு மேல் 60-க்கு உட்பட்டவர் என்றது. பின்னது 35-க்கு மேல் 70-க்கு உட்பட்டவர் என்று மாற்றிற்று.

கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், மறையறிவும் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவர்க்கு அரைக்கால் வேலியே போதும். இவ்விதிகளால் நிலமற்றோர் புறத்தே நின்றனர், பெண்களுக்கும் இடமில்லை, அந்தணர் ஊராதலின் பிற குலத்தார்க்கும் இடமில்லை. ஆகவே இதை இன்றைய மக்களாட்சி என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. சுவரில் உள்ளதைப் படிப்போம்; இல்லாததைச் சேர்க்க வேண்டா.

உள்ளதே வியப்பிற்குப் போதுமானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது. அவர் மட்டுமா? அவருடைய தந்தை, மகன், மாமன், மாமனார், மருமகன், சிற்றன்னை பேரன்னையரின் மக்கள் என்று உறவு முறைகளை வரிசையாக அடுக்கித் தடுக்கின்றது 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவர், பொய்யோலை செய்தவர், தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவர் ஆகியோர்க்கும் இடமில்லை. இத்தனை உறவையும் எண்ணி எழுதியவர்கள் எத்தகைய சூழ்ச்சிகளைக் கண்டு நொந்திருப்பார்கள்! தம்மவரையே நம்பாமல் எழுதிய சட்டம் இது.

ஊரின் 30 குடும்புகளிலும் தக்கவர் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடும்பு தோறும் தனித்தனிக் கட்டாகக் கட்டுவர். குடும்பு என்பது இன்றைய வட்டம் போன்றது. இளையோரும் முதியோரும் கூடிய மகாசபையில், மூத்த நம்பி ஒருவர் எல்லோரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். குடும்புக் கட்டு ஒன்றை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குவர். எழுத்தின் பொருள் அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். அவனும் மூடிய கையால் வாங்கக் கூடாது. ஐந்து விரலும் விரிய, உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும். பிறகு மற்ற நம்பிமாரும் அதை வாசிப்பர். இவ்வாறு தேர்ந்த 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் செல்வர். பதவிக் காலம் 360 நாள்.

கல்வெட்டாய்வாளர் வெங்கையா வெளிப்படுத்திய பின்னரே உலகம் இவற்றை அறிந்தது. 1904-05 தொல்லியல் துறை ஆண்டறிக்கையில் அவரது ஆய்வு வெளிவந்தது. அரசன் பெயரும் அலுவலன் பெயரும் அக்கல்லில் உள்ளன. குடத்துள் கையிட்ட அச்சிறுவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த முறை உத்திரமேரூரில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, கோயிலுள் சென்று ஒரு வரியையேனும் எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.