மறைத்தால் மாயுமா நோய்?

அமெரிக்க மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டில் எயிட்ஸ் நோயைப் பற்றி முதன்முதல் உலகுக்கு அறிவித்தனர். 1983இல் பாரிசு நகரத்து ஆய்வாளர்கள் அதன் கிருமியைக் கண்டனர். நம் நாட்டிலோ, அது மேனாட்டார் ஒழுக்கக்கேட்டின் விளைவு. கற்பும் கட்டுப்பாடும் கொண்ட நம்மை அணுகாது என்று பேசி மகிழ்ந்தோர் பலர். பண்பாடே வேலி என்று நம்பினர்!

நம்பிக்கையை விடுத்துச் சான்றைத் தேடியோர் இருவர். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் ஒருவர். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா மற்றொருவர். பாலியல் தொழிலில் தள்ளப்பட்டுச் சென்னைக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா குருதி பெற்றார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். 1986 பிப்ரவரியில் விடை கிடைத்தது: ஆறு பெண்களின் குருதியில் கிருமி! அமெரிக்க ஆய்வுக்கூடமும் அதனை உறுதி செய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இவ்வாறே. வேலி வெறும் கனவென்பதும் அன்றே விளங்கிற்று.

உண்மை வெளிப்பட்ட பின் நாடு செய்தது என்ன? அறிவுக்கு முன்னே அச்சம் ஓடிற்று. கோவாவில் டொமினிக் டிசோசா என்றோர் இளைஞர். பிறர் உயிர் காக்கக் குருதி ஈந்தவர். அக்குருதியில் கிருமி காணப்பட்டது. 1989இல், சட்டத்தின் பெயரால், அவரைப் பிடித்து அறுபது நாட்களுக்கு மேல் தனியே அடைத்து வைத்தனர். அவர் செய்த குற்றம் யாது? நோயுற்றமை ஒன்றே!

காலம் நகர்ந்தது. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிற்று. தாம்பரம் மருத்துவமனையும் அத்தொடக்க நிலையங்களுள் ஒன்று. நோயுற்றோரைப் பள்ளியிலும் பணியிலும் மருத்துவமனையிலும் ஒதுக்குதல் கூடாதென 2017இல் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

ஆயினும், பள்ளி வாயிலில் பழைய வேலியை மீண்டும் நட்டனர். வளரிளம் பருவத்தினர்க்கு உடலையும் நோய்த்தடுப்பையும் கற்பிக்க வகுத்த திட்டத்தை 2007இல் மகாராட்டிரம், குசராத்து, மத்தியப் பிரதேசம், கருநாடகம் முதலிய மாநிலங்கள் தடுத்தன. பண்பாடு கெடும் என்றனர்!

நாம் கேட்கிறோம்: ஆசிரியர் சொல்லாவிடில் இளைஞர் அறியாமலா இருப்பர்? தெருமுனை சொல்லும், கைப்பேசி சொல்லும், அரைகுறையாய், அழுக்கோடு சொல்லும். பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள குருதி, ஒருவர்க்குப் போட்ட ஊசி, நோயுற்ற தாய் ஆகிய வழிகளில் இக்கிருமி பரவும். தொட்டால் பரவாது, உடனுண்டால் பரவாது. ஆணுறை தடுக்கும். தாய்க்கு மருந்தளித்தால் சேயைக் காக்கலாம். மருந்தைத் தவறாது உண்டு, குருதியில் கிருமி தென்படாத நிலையை அடைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகவும் பரவாது. இவற்றுள் எந்தச் சொல் பண்பாட்டைக் கெடுக்கும்?

காப்பகத்துப் பெண்கள் தந்த குருதியால் ஒரு நாடு விழித்தது. அவ்விழிப்பில் நம் பிள்ளைகட்கும் பங்குண்டு. பெற்றோரே, ஆசிரியரே, நாணம் விடுத்து நாவைத் திறமின்!