சங்கிலியிலிருந்து கடவுச்சொல்வரை: பல்கலைக்கழக நூலக விதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நூலக வாசலிலே தொங்கும் விதிப்பலகையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இல்லை. கல்வெட்டையும் செப்பேட்டையும் வரிவரியாக ஆராயும் நாம், கணனிப் பாவனை ஒருவருக்கு ஒரு மணித்தியாலம் மட்டுமே என்றும், கடவுச்சொல்லைப் பிறருக்கு வழங்கலாகாது என்றும் கூறும் அறிவித்தல்களைக் கண்டும் காணாது செல்கிறோம். ஆயினும் விதியொன்று தோன்றுமிடத்து ஏதோவொரு பொருள் காக்கப்படுகின்றது. யாரோ ஒருவர் ஐயுறப்படுகின்றார். காக்கப்படும் பொருள் யாது, ஐயுறப்படுபவர் யார் என்னும் வினாக்களோடு, கணனி புகுந்த பின்னர் நூலக விதிகள் அடைந்த மாற்றத்தை இங்கு நோக்க முற்படுகிறோம்.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகம் 1602 இல் திறக்கப்பட்டபோது அங்கு நூல்கள் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தன. சங்கிலியிடும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் கைவிடப்பட்டது. நூலகத்தினுள் நெருப்பைக் கொண்டுவருவதில்லை என வாசகர் உறுதிமொழி கூறவேண்டியிருந்தது. நூல்களை இரவல் வழங்குவதில்லை என்னும் விதியைக் காட்டி 1645 இல் முதலாம் சாள்ஸ் மன்னனுக்கும், 1654 இல் குறொம்வெல்லுக்கும் அந்நூலகம் நூல் தர மறுத்தமை பிரசித்தமானது. முடிமன்னனையும், அவனது முடியைப் பறித்தவனையும் அந்த விதி ஒரே நிறையில் வைத்து நோக்கிற்று. அதனைச் சமத்துவத்தின் குரலெனக் கொண்டாட நாம் ஆயத்தமாக இல்லை; நூல் அரிய சொத்தாயிருந்த காலத்தின் குரல் அது. அங்கு காக்கப்பட்டது நூல், ஐயுறப்பட்டவர் வாசகர். எனினும் வாசகரிடம் அந்த விதி கேட்டது அவருடைய கைகளைப் பற்றி மாத்திரமே. அவர் எதை வாசித்தார், ஏன் வாசித்தார் என்பது அதன் கவலையன்று.

இச்சொத்துடைமைப் பார்வையைக் கோட்பாட்டளவில் உடைத்தவர்களுள் தலையாயவர் ஒரு தமிழர். சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ். ஆர். இரங்கநாதன், 1931 இல் வெளியிட்ட தமது ஐந்து விதிகளுள் முதலாவதை விளக்கப் புகுந்தபோது மேற்குறித்த சங்கிலிகளையே எதிர்நிலை உதாரணமாகக் கொண்டார். நூல் காக்கப்படுவதற்காக அன்றிப் பயன்படுவதற்காகவே உள்ளது என்னும் அவரது நிலைப்பாடு, ஐயத்தின் சுமையை வாசகர் தோளிலிருந்து இறக்கி நூலகத்தின் மீது ஏற்றியது.

இதற்கிடையில், எவராலும் கொள்கையாக வகுக்கப்படாத ஒரு சுதந்திரம் இரவல் வழங்கும் கருமபீடத்திலே நிலவியது. நைனா பிறவுண் என்னும் அமெரிக்க நூலகரின் பெயரால் வழங்கும் இரவல் முறை 1890களில் உருவாகி, பிரித்தானிய நூலகங்களிலே பெருவழக்காயிற்று. நூலின் உட்பையிலுள்ள சிறு அட்டை எடுக்கப்பட்டு, வாசகரின் பெயர் பொறித்த சீட்டுப் பையினுள் இடப்படும். இரண்டும் சேர்ந்து திகதிவாரியாகத் தட்டிலே காத்திருக்கும். நூல் திரும்பியதும் அட்டை நூலுக்கும் சீட்டு வாசகருக்கும் மீளும். அக்கணத்திலேயே, இன்னார் இன்ன நூலை எடுத்தார் என்பதற்கான தடயம் உலகிலிருந்து அற்றுப்போகும். மார்க்ஸை வாசித்தவரும் மாந்திரீகத்தை வாசித்தவரும் அந்தத் தட்டிலே ஒருங்கே மறக்கப்பட்டனர். இம்மறதி அறவுணர்வின் விளைவன்று. எழுத்துவேலையைக் குறைக்கும் சிக்கனத்தின் விளைவே அது. அச்சிக்கனத்தின் அருமை அது மறைந்த பின்னரே உணரப்பட்டது.

கணனி நூலகத்துக்கு வாசகரை நாடி வரவில்லை. பட்டியலை நாடியே வந்தது. அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியற் அவ்றாம் தலைமையில் 1960களின் பிற்பகுதியில் உருவான மார்க் அமைப்பு, நூற்பட்டியற் பதிவை இயந்திரம் வாசிக்கும் வடிவுக்கு மாற்றியது. 1967 இல் ஒஹாயோ மாநிலக் கல்லூரிகள் கூட்டாக ஒரு நூலக நிலையத்தை அமைத்தன. பிறெட்றிக் கில்கோர் அதன் தலைவரானார். 1971 ஆகஸ்ட் 26 இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் அல்டன் நூலகம் தொலைவிலிருந்த அந்தக் கணனியோடு நேரடியாக இணைந்து நூல்களைப் பட்டியலிடத் தொடங்கியது. ஒரு நூலகத்தின் உழைப்பை மற்றொரு நூலகம் மீண்டும் செய்யவேண்டாத நிலை இதனாற் பிறந்தது. உழைப்பின் சமூகமயமாக்கத்துக்கு இதனினும் தெளிவான உதாரணம் அறிவுத்துறையிலே அரிது. வேடிக்கை யாதெனில், அந்நிலையம் கணனி கொண்டு அச்சிட்டு அனுப்பியவை பழைய பட்டியல் அட்டைகளே. அவற்றை அது 2015 வரை அச்சிட்டு வந்தது.

இரவல் வழங்கலும் கணனிக்கு மாறியபோதுதான் நிலைமை திரிந்தது. வாசகர் இலக்கமும் நூல் இலக்கமும் ஒரே பதிவிற் பிணைக்கப்பட்டன. சீட்டுமுறையில் நினைவு வைப்பதற்கு உழைப்பு வேண்டியிருந்தது. கணனியிலோ மறப்பதற்குத்தான் தனிக்கட்டளை வேண்டும். அக்கட்டளையை இடுவது யார் என்பது அரசியல் வினாவாயிற்று.

அவ்வினாவை அரசே முதலில் எழுப்பியது. 1970 இல் அமெரிக்க வரித்துறை உத்தியோகத்தர் சில நூலகங்களுக்குச் சென்று, வெடிபொருள் பற்றிய நூல்களை எடுத்தோர் யாவர் எனக் கேட்டனர். இதன் எதிர்வினையாக, வாசகர் பதிவுகள் இரகசியமாகப் பேணப்படவேண்டும் என அமெரிக்க நூலகச் சங்கம் 1971 ஜனவரியில் தீர்மானித்தது. அல்டன் நூலக இணைப்புக்கு ஏழு மாதங்கள் முந்திய நிகழ்ச்சி இது. 1987 இல் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணித, விஞ்ஞான நூலகத்துக்கு வந்த சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தினர், அந்நூலகத்தைப் பாவிக்கும் வெளிநாட்டார் பற்றி வினவினர். அங்கு இருந்தவை எவரும் வாசிக்கக்கூடிய பகிரங்க வெளியீடுகள் என்பதை மனங்கொள்ளல் வேண்டும். நூலகர் போலா கவுஃப்மன் தகவல் தர மறுத்து, விடயத்தை வெளிப்படுத்தினார். இத்திட்டத்தை விமர்சித்தோர் பற்றியும் பணியகம் தன் கோப்புகளைத் துருவியமை 1989 இல் தெரியவந்தது.

2001 ஒக்டோபரில் நிறைவேறிய தேசபக்திச் சட்டம் இத்தகைய கோரிக்கைகளுக்கு வாய்ப்பூட்டையும் சேர்த்தது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிகழ்ந்ததாயினும் 2005 ஆம் ஆண்டின் கனெக்ரிக்கற் வழக்கு நமக்கு முக்கியமானது. நூலகங்கள் பலவற்றுக்குக் கணனிச் சேவை வழங்கிய ஒரு கூட்டமைப்பிடம், குறித்த ஒருநாளில் 45 நிமிடங்கள் நடைபெற்ற கணனிப் பாவனை பற்றிய விபரம் கேட்கப்பட்டது. கேட்கப்பட்டதைப் பிறருக்குச் சொல்வதும் தடுக்கப்பட்டது. நான்கு நூலகர்கள் பெயர் மறைத்தே வழக்காடினர். சட்டத்தைப் புதுப்பிப்பது பற்றிய விவாதம் நாட்டில் நடந்தபோது, அதனை நேரில் அனுபவித்த அவர்கள் வாய்திறக்க முடியாதிருந்தனர். 2006 மார்ச்சில் அது புதுப்பிக்கப்பட்ட பின்னரே அத்தடை நீங்கியது.

அரசு ஒருபுறமிருக்க, மறுபுறம் சந்தை விதிகளை எழுதத் தொடங்கிற்று. அச்சுச் சஞ்சிகையை வாங்கிய நூலகம் அதன் உரிமையாளர். இணையச் சஞ்சிகைக்கு அது குடிக்கூலி செலுத்தும் வாடகையாளர் மட்டுமே. எத்தனை பக்கம் பிரதி செய்யலாம், யார் உட்புகலாம் என்பன வழங்குநரின் ஒப்பந்தத்திலிருந்தே நூலக விதிப்பலகைக்கு இறங்கி வருகின்றன. ஏறொன் சுவாற்ஸ் என்னும் இளைஞர் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் வலையமைப்பினூடாக ஜேஸ்ரோர் தொகுப்பிலிருந்து பல இலட்சம் கட்டுரைகளைப் பதிவிறக்கி, 2011 ஜனவரியிற் கைதானார். ஜேஸ்ரோர் தனக்கு மேலும் வழக்கில்லை என ஒதுங்கியபின்னும் அரசு விடவில்லை. வழக்கு முடியுமுன் 2013 ஜனவரியில், தமது 26 ஆவது வயதில், அவர் உயிர்மாய்த்துக்கொண்டார். அவர் கையாண்ட வழிமுறை பற்றி நம்முள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதிகமாக வாசகசாலைப் பொருளை எடுத்தமை, ஒரு காலத்திலே நூலகர் கண்டித்துத் தண்டம் அறவிட்டுத் தீர்க்கும் விடயம்; அது பெருங்குற்றமாக மாறியது நூல் மீண்டும் சங்கிலியிடப்பட்டதன் அடையாளமன்றி வேறென்ன? இம்முறை சங்கிலியின் நுனி நூலகத்தின் கையிலும் இல்லை.

இவற்றால் நாம் சீட்டுத் தட்டுக்குத் திரும்பவேண்டும் என வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. ஒரு கட்டடத்தினுள் அடைபட்டிருந்த பட்டியலைத் தொலைவிலுள்ள மாணவனுக்கும் திறந்துவிட்டது கணனியே. நியூசிலாந்தின் ஒரு சிறு நூலக அமைப்புக்காக 1999 இல் ஆக்கப்பட்டு, மறு ஆண்டு எவரும் இலவசமாகப் பெறும்வண்ணம் வெளியிடப்பட்ட கோஹா மென்பொருளை இன்று இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் சிலவும் பாவிக்கின்றன. திரும்பிய நூலிலிருந்து வாசகரின் பெயரை அகற்றிவிடும் வசதி அதிலே உண்டு. பிறவுண் முறை தானாகவே செய்த மறதியை அதனாலும் செய்யவைக்க முடியும். அவ்வசதி தத்தம் நூலகத்தில் இயக்கப்பட்டுள்ளதா என்பதை வாசகர் கருமபீடத்திற் கேட்டறியலாம். எந்த விதிப்பலகையிலும் அது எழுதப்பட்டிருக்க நாம் கண்டதில்லை.