யன்னலை மூடிய பனி

1999ஆம் ஆண்டு ஜனவரியில் ரொறன்ரோவில் 118 சென்ரிமீற்றர் பனி கொட்டியதாக வானிலைப் பதிவு சொல்கிறது. அதில் பெரும்பகுதி முதல் இரண்டு வாரத்திலேயே விழுந்துவிட்டது. ஒரு வருடத்தில் விழ வேண்டியது பதினைந்து நாளில் விழுந்தது என்று அப்போது சொன்னார்கள். என் மூத்த மகளுக்கு அந்த நேரம் ஆறு வயது. நத்தார் விடுமுறையில்தான் கதவு நிலையோடு அவளை நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டு அளந்திருந்தோம். 117. பனியின் அந்த 118ஐ நான் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலவறையில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்கார அண்ணையும் அக்காவும், கீழே நானும் கணவரும் மகளும் மாமியும். அந்தக் காலத்தில் வந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிக்குமேல் இப்படி ஒரு நிலவறையில் தொடங்கியவைதான் என்று நினைக்கிறேன். மேல்வீட்டுக்காரருக்கு அது வீட்டுக் கடன் கட்ட உதவும். கீழ்வீட்டுக்காரர் இரண்டு வேலை செய்து, சீட்டுப் பிடித்து, ஐந்தாறு வருடத்தில் தாங்களும் ஒரு வீடு வாங்கி, அதன் நிலவறையை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். எங்கள் அறைக்கு இருந்த ஒரே யன்னல் கூரையை ஒட்டி, வெளியே தரையோடு தரையாக இருந்தது. கோடையில் அதற்குள்ளால் புல்லின் அடியும் ஆட்களின் சப்பாத்தும் தெரியும்.

ஜனவரி 2ஆம் திகதி சனிக்கிழமை. அமெரிக்காவில் சிக்காகோவை மூடிவிட்டு வந்த புயல் எங்களுக்கு மேலே வந்து நின்றது. அந்த முதல் அடியிலேயே 40 சென்ரிமீற்றர் அளவில் விழுந்தது. கணவர் அன்று மாலை தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போனவர். விடிய வேலை முடிந்தால் பஸ் இல்லை. சுரங்க ரயில் வானம் பார்த்து ஓடும் பகுதிகளில் மின்சாரம் பாயும் தண்டவாளத்தைப் பனி மூடிவிட்டது. நாலைந்து கிலோமீற்றர் நடந்து பகல் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார். காற்சட்டை முழங்கால்வரை உறைந்து தகரம் மாதிரி நின்றது. மாமி அவரைக் கதிரையில் இருத்தி, சப்பாத்தைக் கழற்றி, கால் விரல்களைத் தன் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் மல்லித் தண்ணி கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

வழமையாக ரொறன்ரோவில் ஒரு பனி விழுந்தால் நாலு நாளில் கொஞ்சம் சூடு வரும், பாதி கரையும், பிறகுதான் அடுத்தது. அந்த முறை கரையவே விடவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, ஒரு கட்டத்தில் தரையில் 65 சென்ரிமீற்றர் நின்றது. எங்கள் யன்னல் முழுவதும் மூடுண்டது. பகல் பன்னிரண்டு மணிக்கும் அறையில் நீலம் கலந்த ஒரு மங்கல் வெளிச்சம்தான். சத்தமே இல்லை. தெருவில் போகும் வண்டிகூடக் கேட்காது. மகள் கண்ணாடியில் கையை வைத்துவிட்டு, "அம்மா, நாங்கள் இப்ப பனிக்குக் கீழயா இருக்கிறம்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது. எனக்கு, இதே குழந்தைக்கு ஒரு வயதாக இருந்தபோது ஊரில் பதுங்கு குழிக்குள் மடியில் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

சமையலுக்குப் பெரிய குறை வரவில்லை. சிவப்பரிசி இருந்தது, பருப்பு இருந்தது, ரின் மீன் ஆறு பேணி இருந்தது. இதற்கு முந்திய ஜனவரியில்தான் மொன்றியல் பக்கம் உறைமழை பெய்து, மின்கம்பங்களும் கோபுரங்களும் சரிந்து, சில லட்சம் வீடுகள் வாரக்கணக்கில் இருட்டிலும் குளிரிலும் கிடந்தன. அங்கே இருந்த என் சித்தி குடும்பம் பத்து நாள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தது. அந்தக் கதையைக் கேட்ட பிறகு நாங்கள் எல்லோரும் அலுமாரியை நிரப்பி வைக்கப் பழகியிருந்தோம். தீர்ந்தது பால் ஒன்றுதான். தெருவோரக் கடைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மேல்வீட்டு அக்காவிடம் பால்மா இருந்தது. ஒரு கோப்பையில் அளந்து தந்தார்.

வீட்டுக்கு வெளியே வேலை தீராது. பனி வழிக்கும் வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போகும்போது, தள்ளிய பனியை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரம்பாகக் கட்டிவிட்டுப் போகும். வயல் வரம்பு மாதிரியேதான், இடுப்பளவு உயரம். அது புதுப் பனி மாதிரி இளகியதல்ல. நசுங்கி, உப்புக் கலந்து, கல்லாய் இருக்கும். அண்ணையும் என் கணவரும் மாறி மாறி சவலால் வெட்டினார்கள். வெட்டியதை எறிய இடமில்லை. முற்றத்துக் குவியல் தலைக்குமேல் போய்விட்டதால் ஒவ்வொரு சவலையும் தோளுக்குமேல் தூக்கி வீச வேண்டியிருந்தது. வெட்டி முடித்து உள்ளே வந்து ஒரு தேத்தண்ணி குடிப்பதற்குள் அடுத்த வண்டி வந்து அடுத்த வரம்பைக் கட்டிவிடும்.

13ஆம் திகதி மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை உதவிக்குக் கூப்பிட்டார். ஆறு நகராட்சிகளை ஒன்றாக்கி இந்தப் பெரிய ரொறன்ரோவை உண்டாக்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பனி அகற்றுவதற்கு ஒதுக்கிய பணம் எல்லாம் கரைந்துவிட்டது. பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்துகூடப் பனி வண்டிகள் வந்தன. நானூறுக்கு மேற்பட்ட படையினர் வந்தார்கள். அம்புலன்ஸ் போக முடியாத இடங்களுக்குப் போவதற்குக் கவச வண்டிகளும் வந்தன. கொஞ்சப் பனிக்கு ஆமியைக் கூப்பிட்ட நகரம் என்று கனடாவின் மற்றப் பகுதியினர் இன்றுவரை ரொறன்ரோவைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் அந்தச் சிரிப்பில் சேர்வதில்லை.

எங்கள் வீட்டில் அந்தச் செய்தி தமிழ் வானொலியில்தான் வந்தது. மாமி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஆமி வருகுது" என்ற இரண்டு சொல்தான் அவர் காதில் விழுந்தது. கத்தியை வைத்தார்.

"எந்தப் பக்கத்தால வாறாங்களாம் பிள்ளை?"

"இது கனடா ஆமி, மாமி. ஸ்னோ அள்ள வாறாங்கள்."

"அள்ளவோ?"

நம்பவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த பிளாஸ்ரிக் பையை எடுத்தார். கடவுச்சீட்டு, குடிவரவுக் கடிதங்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் இருந்தன. அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மாலையில் மேல்வீட்டுத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சீருடை போட்ட பொடியன்கள் சவலோடு பஸ் தரிப்பிடத்தைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். மாமி வெகுநேரம் பார்த்தார். பையைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். அந்த ஜனவரியின் வரலாற்றில் இதுவும் எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. இராணுவம் என்ற சொல்லுக்கு அறுபத்தெட்டு வயதில் வேறொரு பொருளை அவர் கண்டார்.

தைப்பொங்கலும் அந்த வாரத்தில்தான் வந்தது. மேல்வீட்டு அக்கா தன் அடுப்பில் பானை வைத்தார், நாங்கள் எல்லோரும் மேலே ஏறிப் போனோம். சூரியனுக்குக் காட்டிப் படைக்கப் பின்கதவைத் திறந்தால் நெஞ்சளவு பனிச் சுவர். கணவர் இரண்டு முழச் சதுரம் வெட்டிக் கொடுத்தார். அரிசி மாவால் கோலம் போட்டேன், வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை. மாமி மஞ்சளைக் கலந்து தந்தார், அது பளிச்சென்று நின்றது.

பொங்கல் கழிந்த மறுநாள் விடிய எழும்பினால் வீடு குளிர்ந்து கிடந்தது. நிலத்திலுள்ள காற்றுத் துவாரத்தில் கையை வைத்தால் சூடு இல்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றுவிட்டது. திருத்துகிற நிறுவனத்துக்கு அண்ணை தொலைபேசி எடுத்தார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கிடைத்த பதில், மூன்று நாள் செல்லும் என்பது. எல்லோரும் ஜக்கற்றோடு இருந்தோம். மேல்வீட்டுப் போறணையைத் திறந்து வைத்துச் சூடாக்குவோமா என்றுகூட யோசித்தோம். அது எவ்வளவு ஆபத்தான யோசனை என்று அப்போது தெரியாது.

எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் அந்த நேரம் தன் வாசலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். அண்ணை சொன்னதைக் கேட்டதும் சவலோடு நேரே எங்கள் வீட்டின் பக்கச் சுவருக்குப் போனார். இடுப்பளவு பனியைத் தோண்டினார். அடியில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள். ஒன்று ஃபேர்னஸுக்குள் காற்று இழுப்பது, மற்றது அதன் புகையை வெளியே விடுவது. இரண்டின் வாயிலும் பனி இறுகியிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு விரலாலேயே தோண்டி எடுத்தார். மூச்சு அடைத்ததால்தான் இயந்திரம் தன்னைத்தானே நிறுத்தியிருக்கிறது. பத்து நிமிடத்தில் சூடு வந்தது. அது நின்றது நல்லது, நிற்காமல் ஓடியிருந்தால் மணமும் நிறமும் இல்லாத காபன் மொனொக்சைட் வாயு வீட்டுக்குள் திரும்பியிருக்கும், முதலில் கீழே நித்திரை கொள்பவர்களுக்குத்தான் ஆபத்து என்று அவர் விளக்கினார்.

அவரை உள்ளே கூப்பிட்டுப் பொங்கலும் தேத்தண்ணியும் கொடுத்தோம். அன்றுதான் 1944 டிசம்பர் 11 பற்றி முதன்முதல் கேட்டேன். ஒரே நாளில் 48 சென்ரிமீற்றர். நகரத்தில் ஒரு நாளில் விழுந்த பனியில் அதுவரை அதுதான் பெரியது. அவருக்கு அப்போது பத்து வயது. பால், பாண், நிலக்கரி எல்லாம் வீட்டு வாசலுக்கு வண்டியில் வரும் காலம். ஒன்றும் வரவில்லை. நிலக்கரி தீர்ந்த வீடுகள் தளபாடத்தை உடைக்க யோசித்தன, இருந்த வீடுகள் வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தன என்றார். குயீன் வீதியில் ஒரு ட்ராம் வண்டி கவிழ்ந்தது. போர்க்காலம் என்பதால் இரவு பகலாக ஓடிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளும் மூடின. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் 13 பேரின் உயிரை எடுத்தது குளிரல்ல, அளவுக்கு மிஞ்சி உடம்பை வருத்தியது. இதைச் சொல்லிவிட்டு அண்ணையைப் பார்த்து, நெஞ்சுயரத்துக்குத் தூக்காதே, தள்ளு, பாதி சவல் போதும் என்றார்.

பெரியவர் இப்போது இல்லை. மாமியும் இல்லை. நாங்களும் 2003இல் ஒரு வீடு வாங்கினோம், எங்கள் நிலவறையிலும் ஒரு குடும்பம் இருக்கிறது. காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி 2014இல் ஒன்ராறியோ முழுவதும் வீடுகளில் கட்டாயமாயிற்று. கருவி இருக்கட்டும். அடுத்த முறை பனி கொட்டும்போது, காரை வெளியே எடுக்க வழி வெட்டுவதற்கு முன்னால், வீட்டின் பக்கச் சுவரில் அந்த வெள்ளைக் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து அவற்றின் வாயைத் திறந்துவிடுங்கள். கீழே ஆட்கள் இருந்தால் அவர்களின் யன்னலையும்.