சாங்கியில் பாடிய கிட்டார்

என் பெரியப்பாவின் கணக்கில் எலெக்ட்ரிக் கிட்டாரில் இரண்டே வகை: பாடுவது, கத்துவது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாடும். கிப்சன் லெஸ் பால் கத்தும். அறுபதுகளில் சாங்கி விமானப்படைத் தளத்தின் கிளப்புகளில் வாசித்தவர். அவர் சொல்வதில் பாதி பிடிவாதம், மீதி வரலாறு.

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் இங்கே ஹேப்பி வேர்ல்ட் அரங்கில் வாசித்தார்கள். ஹாங்க் மார்வினின் ஸ்ட்ராட் ஒலியைக் கேட்ட பையன்கள் பலர் கிட்டார் குழு தொடங்கினார்கள். பள்ளி மாணவர்கள் ஆரம்பித்த குவெஸ்ட்ஸ் குழு 1964இல் ‘ஷாண்டி’ வெளியிட்டது. வரிகளே இல்லாத கிட்டார் இசை. உள்ளூர்ப் பட்டியலின் முதலிடத்திலிருந்து பீட்டில்ஸையே இறக்கியது.

ஏன் அந்த ஒலி? ஸ்ட்ராட்டின் பிக்கப் ஒற்றைச் சுருள். ஒவ்வொரு சுரமும் மணி தட்டியதுபோல் தனித்து விழும். கூடவே மெல்லிய இரைச்சலும் வரும். 1957 முதல் லெஸ் பாலில் வந்த ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இணைந்து அந்த இரைச்சலை அடித்துவிடும். நாதம் தடித்து, நீண்டு நிற்கும். குரல் இல்லாத பாட்டில் கிட்டார்தான் பாடகர். பாடகருக்கு உச்சரிப்பு தெளிவாக இருக்கவேண்டுமே! பல மொழி பேசும் பிள்ளைகள் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வாசித்த ஊரில், மொழி வேண்டாத பாட்டு எல்லோருக்கும் சொந்தம்.

1968இல் பிரிட்டன் படைகளை விலக்குவதாக அறிவித்தது. 1971 முடிவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. தளத்தில் கேட்க ஆளில்லை, சம்பளமும் இல்லை. பெரியப்பா கிட்டாரை விற்றார். 1981இல் சாங்கியில் விமான நிலையம் திறந்தது.

போன மாதம் அவரைப் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். நேராக ஸ்ட்ராட்டை எடுத்தார். மூட்டுவலி விரல்கள் கம்பியை அழுத்த மறுத்தன. நான் லெஸ் பாலை மடியில் வைத்தேன்.

“கல்லு மாதிரி கனக்குதுடா.”

கனம்தான். ஆனால் ஸ்ட்ராட்டின் கம்பி நீளம் 25.5 அங்குலம், இதில் ஏறக்குறைய 24.75. அதே சுருதிக்கு இழுவிசை குறைவு. கம்பி இளகிக் கொடுக்கும். பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாற்றி, வால்யூமைக் குறைத்து, பழைய மெட்டொன்றை மெதுவாக வாசித்தார். ஐம்பது வருடங்களுக்குப் பிறகு.

“அந்தச் சத்தம் வரலடா,” என்றார். “ஆனா விரல் வருது.”

கடைக்காரரிடம் விலை கேட்டதும் அவர்தான்.